ஊரைவிட்டுப் போவதற்கு ஒத்திகை

மழை தொடங்கினால் உப்பளத்து ஆட்கள் கூட்டங்கூட்டமாக ஊரைவிட்டுப் போவார்கள். அதை ஆட்டமாக்குகிறேன் என்று மரக்காணத்துக்கு ஒரு நடன ஆய்வாளர் வந்தார். இடையஞ்சாவடியில் வீடெடுத்துத் தங்கியிருந்த சென்னைப் பெண். புலம்பெயரும்போது உடம்பு என்ன செய்கிறது என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. நடுநடுவே வாசிக்க வசனகவிதை வேண்டும் என்று என்னைக் கேட்டார். யோசிக்காமல் ஒத்துக்கொண்டேன். நாற்காலியில் உட்கார்ந்து என் கவிதையை ஆட்கள் கேட்டு வெகுகாலமாகிவிட்டது.

ஒத்திகை உப்பள வரப்பில். வெயில் வெள்ளை, உப்பு அதைவிட வெள்ளை, இரண்டுக்கும் நடுவே கறுப்புக் கண்ணாடி போட்ட மேடம். எங்கள் தெருவிலிருந்து உப்பு சுமக்கும் பெண்கள் சிலரை அழைத்துப் போயிருந்தேன்.

“கண்ண மூடிக்கோங்க. வீட்ட விட்டுக் கெளம்புற அந்த நிமிஷம். ஒடம்புல எங்க வலிக்குது?” என்றார் மேடம்.

“கண்ண மூடினா பாத்தியில விழுந்துடுவோம் மேடம்,” என்றாள் என் எதிர்வீட்டுக்காரி.

“சரி, தொறந்துக்கிட்டே. கெளம்புறப்ப என்ன செய்வீங்க? பேசாம செஞ்சு காட்டுங்க.”

அவள் சேலையை இடுப்பில் செருகினாள். கண்ணுக்குத் தெரியாத எதையோ துரத்தி ஓடினாள். தோளில் கிடந்த துண்டைச் சுருட்டி எம்பி வீசினாள். மற்றவர்களும் ஒருத்தி பின் ஒருத்தியாக வீசினார்கள். வெள்ளை வெளியில் துண்டுகள் பறந்தன, இறகு முளைத்த வீடுகள் மாதிரி. மேடத்துக்குக் கண் கலங்கிவிட்டது. வாழ்நாளெல்லாம் பஸ் ஏறிய நான்கூட மயங்கி, ‘வேரைப் பிடுங்கி வானில் வீசும் கை’ என்று எழுதிவிட்டேன்.

“ரொம்ப அழகா இருக்கு. எதத் தூக்கிப் போடுறீங்க?”

“துண்டு மேடம். பாண்டியிலேர்ந்தே பஸ்ஸு பாதி ரொம்பி வரும். ஜன்னல் வழியா சீட்டுல துண்டு போடலன்னா மெட்ராஸ் வரைக்கும் நின்னுக்கினுதான் போவணும்.”

வேரை அடித்துவிட்டு ஜன்னல் என்று எழுதினேன். மேடம் அசரவில்லை. “இதுதான் நம்ம ஆட்டம்,” என்று சொல்லி எதிர்வீட்டுக்காரியை முன்னால் நிறுத்தினார்.

நிகழ்ச்சி ஞாயிற்றுக்கிழமை. மழைக்கு அதெல்லாம் தெரியுமா? புதன்கிழமையே வந்து பாத்திகளைக் கரைத்துக் குடித்தது. மறுநாள் சென்னைக் கட்டட வேலைக்கு ஆள் எடுக்கும் மேஸ்திரி போன் செய்தார். முதலில் வருகிறவர்களுக்குக் காம்பவுண்டுக்குள் தகர ரூம். பிந்தினால் ரோட்டோரம் தார்ப்பாய் கட்டிக்கொள்ள வேண்டியதுதான். எதிர்வீட்டுக்காரி வெள்ளிக்கிழமை கிளம்புவதாகச் சொன்னாள். நான் போய் நின்றேன்.

“ஞாயித்துக்கெழம ஆடிட்டுப் போயேம்மா. என் கவிதையே ஒன்ன வச்சுதான் முடியுது.”

“நாங்க ஊர வுட்டுப் போறதப் பத்திதானே ஆட்டம்?”

“ஆமா.”

“அதான் போறேன். போவாம நின்னுக்கினு, போற மாதிரி ஆடணுமா? நல்லா இருக்குதுண்ணா ஒங்க கவித.” கோணியைத் தைத்துக்கொண்டே பேசினாள். “போன மழைக்கு ரோட்டோரந்தான் படுத்தோம். எம் பொண்ணு வயசுக்கு வந்தவ. போறவன் வர்றவன்லாம் எட்டிப் பாக்குறான். ராவுல அது தூங்கவே இல்ல. எனக்கு இந்த வாட்டி ரூம்பு வேணும்.”

மேடத்திடம் சொன்னேன். “போகட்டும் சார்,” என்றார்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் மற்ற பெண்களும் போய்விட்டார்கள். பாண்டியில் ஒரு மண்டபத்தில், மேடத்திடம் ஆடிப் பழகிய நடனக்காரர்களே துண்டு வீசினார்கள். முன்வரிசையில் எதிர்வீட்டுக்காரியின் இடத்தை மேடம் காலியாக விட்டிருந்தார். அந்தக் காலி இடம்தான் நிகழ்ச்சியின் உச்சம் என்று ஜோல்னாப்பைக்காரர் ஒருவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். கவிதையைப் பற்றி மூச்சு விடவில்லை.

நாற்காலிகளை மடக்கும்போது அவளிடமிருந்து போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டேன்.

“ரூம்பு கெடச்சிடுச்சுண்ணா. செவுரு, கூரை எல்லாம் தகரம். கதவுதான் இல்ல. முன்ன இருந்தவன் எவனோ பேத்துக்கினு போயிட்டான். பொண்ண உள்ள உக்கார வச்சுட்டு நான் வாசல்ல குந்தினு இருக்கேன்.”

மேடம் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, மேடைக்குப் பின்னால் தொங்கிய கனமான கறுப்புப் படுதாவை அவிழ்க்க ஆரம்பித்தார்.

“மேடம், அது மண்டபத்துக்காரனோடது.”

“தெரியும். அந்த முனையப் பிடிங்க சார்.”