திருப்பி அனுப்பிய சரக்கு

துவைத்து, காயவைத்து, இஸ்திரி போட்ட பிறகும் என் புடவையில் பெருங்காயம் மணக்கிறது. முகரும்போதெல்லாம் ஆரியசாலைக் கடைத்தெரு கண்முன்னே வந்து நிற்கிறது... அங்கே கடை வைத்திருக்கும் உமாவும்.

உமா எங்கள் பக்கத்து வீட்டுப் பெண். ஐடி கம்பெனியில் ஏசிக் குளிரில் உட்கார்ந்திருந்தவள், வேலையை விட்டுவிட்டுக் கூட்டுப் பெருங்காயம் தயாரித்து விற்கிறாள். சொந்தக் கடை, சொந்த போர்டு. இந்தக் குற்றம் போதாதா?

போன வாரம் ஒரு வரன் வந்தது. பெரிய இடம். பெண்ணைப் பிடித்துவிட்டதாம், வாசனைதான் பிடிக்கவில்லையாம். கடையை மூடினால் முகூர்த்தம் குறிக்கலாம் என்றார்கள். பாவம், அவர்கள் வீட்டுச் சாம்பாருக்கு மல்லிகைப்பூ போடுகிறார்கள் போலிருக்கிறது!

உமாவின் அம்மா என்னிடம் ஓடிவந்தார்.

"நீங்க எழுதுற ஆளாக்கும். ரெண்டு நல்ல வார்த்தை சொன்னா கேப்பா. சமையல் காண்ட்ராக்ட் எடுக்குற அந்த வினோத்தைத்தான் கெட்டுவேன்னு நிக்கா."

"நல்ல பையன்தானே?"

"என்ன நல்ல பையன்? இவகிட்ட மொதல்ல வாங்கின சரக்கையே கொள்ளாதுன்னு திருப்பி அனுப்பினவனாக்கும்! நாளைக்கு எம்மவளைத் திருப்பி அனுப்பமாட்டான்னு என்ன உறுதி?"

தர்க்கத்தில் ஓட்டையே இல்லை. தூது புறப்பட்டேன்.

கடையில் கை நிறைய மாவும் பிசினுமாக நின்றிருந்தாள் உமா. நான் வாயைத் திறப்பதற்குள் முந்திக்கொண்டாள்.

"கடையை மூடச் சொல்ல வந்தீங்களாக்கா?"

அசடு வழிந்தேன். "இல்லம்மா... அந்தப் பையன் சரக்கைத் திருப்பினப்போ உனக்குக் கோபம் வரலையா?"

"அழுகையே வந்துச்சு. ஆனா மத்தவங்க எல்லாம் 'சூப்பர் மோளே'ன்னு சொல்லிட்டு, அடுத்த தடவை வேற கடைக்குப் போனாங்க. இவன் ஒருத்தன்தான் மாவு கூடிப்போச்சுன்னு மூஞ்சிக்கு நேரா சொன்னான். பக்குவத்தை மாத்தினேன். அதுக்கப்புறம்தான் கடை நிமிர்ந்துச்சு."

நிலவு, மழை, மௌனம் என்று காதலைப் பற்றி இத்தனை வருடம் எழுதிப் பிழைத்தவள் நான். 'மாவு கூடிப்போச்சு' என்பதும் காதல் வசனம்தான் என்று யாராவது எனக்குச் சொல்லியிருக்கக் கூடாதா?

அந்த நேரம் பார்த்து ஸ்கூட்டரில் வந்து இறங்கினான் வினோத். உமா என்னை வைத்துக்கொண்டே கேட்டாள். "வரன் வந்திருக்கு. கடையை மூடணுமாம். நீ என்ன சொல்றே?"

அவன் ஒரு பெருங்காயப் பாக்கெட்டைப் பிரித்தான். ஒரு சிட்டிகை எடுத்து உள்ளங்கையில் தேய்த்தான். கண்ணை மூடி முகர்ந்தான். அவனுக்காகக் கட்டி வைத்திருந்த மூட்டையைத் தூக்கி ஸ்கூட்டரில் வைத்தான். கிளம்பும்போதுதான் வாய் திறந்தது.

"கல்யாணம் கழிஞ்சாலும், சரக்கு மோசமானா திருப்பி அனுப்புவேன், கேட்டோ!"

"அனுப்பு," என்றாள் உமா. "கடை திறந்துதான் இருக்கும்."