குழியில் நின்று பாடியவர்

வீட்டில் அவருக்கு மோட்டார் என்று பெயர். லிஃப்ட் மெக்கானிக். சவரம் செய்யும்போதும் ஷூ நாடா கட்டும்போதும் ‘ம்ம்ம்’ என்று ஒரே சுரத்தில் இழுப்பார். பத்து எண்ணும் நேரம் அங்கேயே நிற்பார். ஒரு படி இறங்குவார். மறுபடி பழைய இடத்துக்கே வந்துவிடுவார். தலையும் கிடையாது, வாலும் கிடையாது.

“ஏங்க, மோட்டாரை ஆஃப் பண்ணுங்க. பொண்ணு படிக்கிறா,” என்பாள் மனைவி.

பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சையின்போது மகளே வாயைத் திறந்தாள். “அப்பா, உங்களுக்குப் பாட்டு வராதுப்பா. விட்டுடுங்களேன்.”

அவர் சிரித்தார். விட்டுவிட்டார். பிறகு பதினோரு வருடம் அந்த வீட்டில் ஒரு முனகல்கூடக் கேட்கவில்லை.

மகள் காதுக்கருவி செய்யும் நிறுவனத்தில் ஒலி இன்ஜினியர் ஆனாள். ஊரார் குரலையெல்லாம் பதிவு செய்தவளிடம், அவர் திடீரென்று இறந்தபோது, அவர் குரல் ஒரு நொடிகூட இல்லை. போனில்கூட எழுதித்தான் அனுப்புவார். தேடித் தேடிக் களைத்துப் போனாள்.

மூன்று வாரம் கழித்து, வேலையிடத்து லாக்கரில் கிடந்த சாமான்களோடு அப்பாவின் கூட்டாளி வந்தார். நெட்டை என்றால்தான் அவரைத் தெரியும். பையில் ஸ்பானர், கையுறை, ஒரு சிடி. அட்டையில் ஹெல்மெட் போட்ட நான்கு பேர். ஓரத்தில் பாதி முகம் வெட்டுப்பட்டு நிற்பது அப்பா.

“என்ன மாமா இது?”

“எங்க ஆல்பம்மா. வருஷக்கணக்காப் பாடிப் பழகினது. நாட்டுப்புறப் பாட்டு, பன்னெண்டு. வாத்தியமே கிடையாது, வெறும் தொண்டைதான். லிஃப்ட் மாட்டாத கட்டடத்துல மாடிக்கு ஒருத்தனா நின்னு பாடினோம். உங்கப்பன் அடியில, லிஃப்ட் குழிக்குள்ள.” சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார். “உனக்குத் தெரியாதா? அடப்பாவி! பொண்ணுக்கு மூணாவது பாட்டுன்னா உசிருன்னு எங்ககிட்ட அளந்துவிட்டானே!”

பின்னட்டையில் தேதி இருந்தது. அவள் விட்டுவிடச் சொன்னதற்கு இரண்டு வருடம் பிந்தியது.

நெட்டை கிளம்பிப் போனதும் மூன்றாவது பாட்டைப் போட்டாள். தாலாட்டு. ஒரு குரல் பாட்டை எடுத்தது. இரண்டு குரல்கள் இருபுறமும் வந்து ஒட்டிக்கொண்டன. பிறகு அடியிலிருந்து அது வந்தது. ‘ம்ம்ம்.’ பத்து எண்ணும் நேரம். ஒரு படி கீழே. மறுபடி பழைய இடம்.



நம்ப முடியாமல், தொழில் புத்தியில், கம்ப்யூட்டரில் அந்த அடிக்குரலை மட்டும் வெட்டிப் பார்த்தாள். மற்ற மூன்றும் தளம் சேராத லிஃப்ட் மாதிரி அந்தரத்தில் தொங்கின. அடுத்து, இருநூறு ஹெர்ட்சுக்கு மேலே உள்ளதையெல்லாம் வெட்டினாள். ஸ்பீக்கரில் அவர் மட்டும் மிஞ்சினார், சுவருக்கு அந்தப் பக்கம் சவரம் செய்கிறவர் போல.

சமையலறையிலிருந்து குரல் வந்தது. “ஏங்க, மோட்டாரை...”

பாத்திரம் விழுந்தது. அம்மா ஈரக்கையோடு அறை வாசலில் வந்து நின்றாள்.

மகள் மற்ற மூன்று குரல்களையும் திரும்பச் சேர்த்தாள். பாட்டு முடியும்வரை அம்மா அசையவில்லை.

“இதுக்குத்தானா அந்த முனகல்?”

“இதுக்குத்தாம்மா. நான்தான் பாட்டு வராதுன்னு சொன்னேன்.”

“நீ ஒருதடவை சொன்னே. நான் தினமும் சொன்னேன்டி.” கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். “மறுபடி போடு. சத்தமா வை.”