கூடைக் கயிறு பதிந்த தலை

என் உச்சந்தலையில் விரல் அகலத்துக்கு ஒரு பள்ளம் உண்டு. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் சின்ன வயதிலிருந்தே கொழுந்துக் கூடையின் கயிற்றைத் தலையில் மாட்டி மலை ஏறி இறங்கியதில் விழுந்தது. அந்த இடத்தில் முடி முளைக்காது. தோல் செருப்புத் தோலாகத் தடித்துவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து முடியை இழுத்து முடிந்து அதை மறைத்தே வந்தேன்.

இந்தியாவுக்குத் திருப்பி அனுப்புகிறோம் என்று எங்களைக் கப்பலேற்றி, நிக்கோபார் பக்கம் கச்சால் தீவில் கொண்டுவந்து விட்டார்கள். இங்கே ரப்பர். மரத்துப் பாலை வாளியில் சேர்த்துக் கையில் தூக்கவேண்டும். கொழுந்து கிள்ளிக் கிள்ளி எனக்கு விரல்நுனிதான் காய்த்திருந்தது, உள்ளங்கை அல்ல. கொப்புளம் வெடித்து, ஆறி, மறுபடி வெடித்து, ஒருவழியாக அங்கேயும் காய்க்கத் தொடங்கியபோது மழையில் சறுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டேன். என் நேரம்!

மாவுக்கட்டைப் பிரித்தால் கை முருங்கைக்காயாய்ச் சூம்பிக் கிடந்தது. "சும்மா வெச்சிருந்தா அப்படித்தாம்மா. கொஞ்சங் கொஞ்சமா வேலை குடுத்தாத்தான் எலும்பும் சதையும் தேறும்" என்றார் கம்பவுண்டர். கொஞ்சங் கொஞ்சமாக வேலை கொடுக்க இங்கே யார் இருக்கிறார்கள்? சூப்பர்வைசர் வாசலுக்கே வந்து சொல்லிவிட்டான்: "நாளைக்கு வரலேன்னா பேர் கட். காம் நஹி, குவார்ட்டர் பி நஹி." வேலை இல்லையென்றால் வீடும் இல்லையாம். என் வீட்டுக்காரருக்கு இன்னும் வேலை போடவில்லை. நாங்கள் குடியிருந்த குவார்ட்டர்ஸ் என் பேரில்தான் இருந்தது.

மறுநாள் வாளியில் கயிறு கட்டித் தலையில் மாட்டி, முதுகில் தொங்கவிட்டேன். கழுத்துக்கு எதுவும் மறக்கவில்லை. எனக்குத்தான் புத்தியில்லை; கொழுந்து சிந்தாது, பால் சிந்தும். முதல் இறக்கத்திலேயே பின்னந்தலையெல்லாம் பால். "ஏன்டி, இன்னும் கொழுந்து மலையிலயா இருக்க?" என்று கூட வந்த பெண்கள் சிரித்தார்கள். வாளியின் வாயைத் துணியால் இறுகக் கட்டிக்கொண்டு மறுபடி நடந்தேன். அழுகை வந்தது, ஆனால் நான் நிற்கவில்லை. பால் கொட்டகையில் வாளியை இறக்கியதும் சூப்பர்வைசர் என் தலையைப் பார்த்தான், வாளியைப் பார்த்தான். "டீக் ஹை. குவார்ட்டர் இருக்கட்டும்" என்றான்.

சாயங்காலம், பால் உறைந்து ரப்பராக ஒட்டிப்போன முடியை வீட்டுக்காரர் கத்தரித்து எடுத்தார். பள்ளம் முழுசாக வெளியே வந்துவிட்டது. அவர் அதை அப்படிப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. கட்டைவிரலை அதில் வைத்துப் பார்த்தார்.

"ஏம் புள்ள, இதுலயா வீட்டத் தூக்கிட்டு வந்த?" என்றார்.

எனக்குக் கழுத்து விண்விண்ணென்று தெறித்துக்கொண்டிருந்தது.

"நாளைக்கும் தூக்கணும். சீக்கிரம் வெட்டி முடிங்க" என்றேன்.