பாற்கடலில் ஒரு கை

காலால் மிதித்தால் தகட்டை வெட்டும் பிரஸ்ஸில் ஷிஃப்டு முழுக்க நின்றுவிட்டு, சுங்குவார்சத்திரத்து வாடகை வீட்டுக்கு வந்ததும் முனிரத்தினம் மறுபடியும் ஒரு மிதிகட்டையில்தான் கால் வைப்பான். இது அவனே செய்தது. மிதித்தால் சைக்கிள் பிரேக் கம்பி இழுபட்டு, மேசைக்கு மேலே கவிழ்த்துக் கட்டிய கேமரா ஒரே ஒரு படம் பிடிக்கும். மேசையில் மந்தர மலை, அதைச் சுற்றி வாசுகிப் பாம்பு, இரண்டு பக்கமும் தேவர்களும் அசுரர்களும். எல்லாம் மனைவி காந்திமதி அட்டையில் வெட்டி வண்ணம் பூசியவை. துளி நகர்த்த வேண்டும், கையை எடுக்க வேண்டும், மிதிக்க வேண்டும். அப்படியே சேர்ந்து சேர்ந்து பாற்கடலைக் கடையும் கதை படமாகிவிடும்.

கேமரா, கல்யாணப் படம் எடுக்கும் குன்றத்தூர் அமலனுடையது. 1991-ல் கல்யாணமெல்லாம் வீடியோவுக்குப் போய்விட, சும்மா கிடந்தது. இப்போது அதை விலைக்கு வாங்கவும் ஆள் வந்துவிட்டது.

"ஞாயித்துக்கெழம எடுத்துக்கினு போயிடுவாங்கண்ணே. கீற ஒரு பிலிம் சுருளயும் அதுக்குள்ள முடிச்சுக்கோ," என்றான் அமலன்.

அமிர்தகலசம் வெளியே வரும் கட்டம்தான் பாக்கி. அந்த வாரம் பார்த்துக் கம்பெனியில் ஓ.டி. என்று ஓவர்டைம் போட்டார்கள். மறுத்தால் பிரஸ்ஸிலிருந்து மாற்றிவிடுவார்கள். பிரஸ்காரனுக்கு மட்டும் தனிப்படி உண்டு. அதில்தான் அவன் சுருள் வாங்கினான்.

"கண்ணு சொருகுதுய்யா உனக்கு," என்றாள் காந்திமதி. "தேவருங்க குடிச்சிட்டுக் கடையற மாதிரி சாயறாங்க பாரு."

"அமிர்தம் வரப்போவுதுல்ல, அந்த மயக்கம். நீ சும்மா இரு."

எப்படியோ முடித்தான்.

சுருளைக் கழுவி வாங்க ஒரு மாதம் ஆயிற்று. அமலன் புரொஜெக்டரோடு வந்தான். கதவைச் சாத்தி, சுவரில் வேட்டி கட்டி ஓட்டினார்கள். மலை சுழன்றது. நிஜமாகவே சுழன்றது. காந்திமதி வாயைப் பொத்திக்கொண்டாள்.

கலசம் எழும்பும்போது கடலின் நடுவே பெரிய கை ஒன்று மின்னி மறைந்தது. மறுபடியும் வந்தது. போகப் போக கலசத்தைவிடக் கைதான் அதிகம் தெரிந்தது.

"இன்னாண்ணே, நீயும் அமிர்தத்துக்குக் கையேந்துறியா?" என்று அமலன் சிரித்தான். "உடு, அந்த எடத்த வெட்டிட்டு ஒட்டிக்கலாம்."

"வெட்டுனா கலசமே வராது," என்றான் முனிரத்தினம் சிரிக்காமல்.

கை விலகுமுன் கால் மிதித்திருக்கிறது, எத்தனையோ முறை. ஒன்றுகூட அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை.

காந்திமதி அவன் கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"இதே வாரந்தானே ஓ.டி. பாத்த?"

"ஆமா."

"மெஷின்லயும் இதே காலுதானே?"

அவன் அவள் மடியில் கிடந்த தன் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தான்.

மறுநாள் காலை பிரஸ்ஸில் தகட்டை வைத்தான். கையை எடுத்தான். எடுத்தோமா என்று பார்த்தான். கால் இறங்கவில்லை.

"இன்னா ரத்தினம், மெஷினுக்குப் பூஜ போடறியா?" என்று சூப்பர்வைசர் ராஜாமணி கத்தினார்.

"சார், என்னப் பேக்கிங்ல போட்டுருங்க."

"படி போயிடும்யா. அப்புறம் வந்து அழாத."

"தெரியும் சார்."

இன்னொரு சுருள் இனி வாங்க முடியாது என்பதும் தெரியும். கையுறைகளைக் கழற்றி வைத்துவிட்டு, கொட்டாவியை அடக்கியபடி பேக்கிங் பக்கம் நடந்தான்.