ஒரு முழக் கல்லறை

பாளையங்கோட்டையில் எங்கள் வேதக்கோயில் கல்லறைத் தோட்டத்தின் மேற்கு மூலையில் ஒரு முழ நீளத்தில் ஒரு கல்லறை இருக்கிறது. பார்க்கிறவர்கள் ஏதோ பச்சைக் குழந்தை என்று நினைத்து உச்சுக் கொட்டிவிட்டுப் போவார்கள். கல்லில் இருப்பது என் மாமாவின் பெயர். வாசற்படியில் குனிந்துதான் நுழைவார், அவ்வளவு உயரம். உள்ளே இருப்பதோ ஒரு பிடி வெள்ளைக் குதிரை முடி. அதை மண்ணுக்குள் வைத்தபோது நான் பக்கத்தில் நின்றேன்.

மாமா அம்பாசமுத்திரத்துக்கு மேலே ஒரு காப்பித் தோட்டத்தில் கணக்கராக இருந்தார். ஊருக்கு வரும்போதெல்லாம் கோயிலில் பிடில் வாசிப்பார். சீமைக்குத் திரும்பிய தோட்டத்துத் துரை விட்டுப்போன பிடில் அது. வில்லில் முடி தேய்ந்து அறுந்துபோனதும், தோட்டத்தின் வெள்ளைக் குதிரையின் வாலிலிருந்து முடியெடுத்து, கழுவிச் சீவித் தாமே பூட்டினார். ஓர் ஐப்பசி வெள்ளத்தில், பிடிலை வீட்டில் வைத்துவிட்டு, அதே குதிரைமேல் ஆற்றைக் கடந்தார். குதிரையின் உடல் கீழேயுள்ள அணைக்கட்டில் ஒதுங்கியது. மாமா ஒதுங்கவில்லை. கோயிலில் இறந்தவர்களுக்காக ஜெபிக்கும்போது அவர் பெயரைச் சொல்ல அத்தை விடவில்லை. "ஆளக் காட்டுங்க, அப்புறம் அழுதுக்கிடுதேன்" என்பாள்.

சில வருஷம் கழித்து, முதல் யுத்தம் வருவதற்கு முன்னால், மிஷன் பெண்கள் பள்ளியில் எனக்குக் கணக்கு டீச்சர் வேலை கிடைத்து அத்தையோடு தங்கினேன். அதே ஆறு அங்கே கூப்பிடு தூரம். ஆற்றில் தண்ணீர் ஏறும் நாட்களில், விடிகிற நேரத்தில், அத்தை சொல்லாமல் கொள்ளாமல் எழுந்து குளிக்க வெந்நீர் போடுவாள். "ஏட்டி, கேக்கா? உங்க மாமா வந்துட்டாவ" என்பாள். மத்தியானம் ஆறிப்போன நீரை முருங்கை மூட்டில் ஊற்றுவாள். பாவம், துக்கம் தலைக்கேறிவிட்டது என்று நினைத்தேன். நான் பேய் பிசாசுக்கெல்லாம் மசிகிற ஆள் இல்லை. ஆனால் ஒரு விடியலில் எனக்கும் கேட்டது. தந்தியில் வில்லை இழுக்கும் ஒரே நீண்ட சத்தம், முடியுமுன்னே அறுந்தது. ஓடிப்போய்ப் பார்த்தேன். பிடில் பெட்டி பரணில், கொக்கி போட்டபடி இருந்தது. மூடியில் அந்த வாரம் படிந்த தூசி கலையவில்லை. அன்று கரும்பலகையில் ஒரு கூட்டல்கூட எனக்குச் சரியாக வரவில்லை.

ரயில்வேயில் வேலை பார்த்த ஒரு துரை பழைய பிடில் விற்களைத் தேடிச் சேர்க்கிறவர். யார் சொல்லியோ எங்கள் வீட்டுக்கு வந்தார். வில்லை வெயிலுக்குக் காட்டி, ஒற்றைக் கண்ணை மூடி, நுனிவரை பார்த்தார். செவ்வரி ஓடிய அந்த மரம் பிரேசிலிலிருந்து வந்தது, அதன் வளைவைச் செதுக்குவதில்லை, அனலில் காட்டிப் பையப் பைய வளைப்பார்கள் என்றார். கைப்பிடிக்கு மேலே, எறும்பு ஊர்ந்தாற்போல, பிரெஞ்சுக் கைவினைஞன் ஒருவனின் முத்திரை. "பிடில் சாதாரணம் அம்மா. மதிப்பெல்லாம் இந்தக் குச்சிக்குத்தான். நான் வாசிக்கமாட்டேன், கண்ணாடிப் பெட்டியில் வைப்பேன்" என்றார். பிறகு, மிஞ்சியிருந்த ஒரே தந்தியில் வில்லை இழுத்துப் பார்த்தார். வழுக்கிக்கொண்டு போனது. துளிச் சத்தமில்லை.

"யார் இதில் எண்ணெய் தடவியது?"

"முடிதானய்யா. அவிய போனதுல இருந்து சனிக்கிழமை சனிக்கிழமை நாந்தான் எண்ணெ வைக்கேன்."

துரை சிரிக்காமல் விளக்கினார். பிசின் பூசினால்தான் முடி தந்தியைப் பற்றும். எண்ணெய் ஏறிய முடி இனி ஒருபோதும் பேசாது.

அத்தை ஆற்றுப்பக்கம் திரும்பிப் பார்த்தாள்.  அப்படியானால் விடியலில் நாங்கள் கேட்டது என்ன? "அப்ப சத்தம் இதுல இருந்து வரல" என்றாள். "எடுத்துக்கிடுங்க." துரை அங்கேயே கத்தியால் முடியை அறுத்து, வேண்டாததைத் தரையில் போட்டார். அத்தை குனிந்து அதை மடியில் அள்ளிக்கொண்டாள். மாமாவோடு போன குதிரையில் மிச்சம் அது ஒன்றுதான்.

உடலில்லாமல் கல்லறையா என்று போதகர் தயங்கினார். "இவ்வளவுதான் தண்ணி எனக்கு விட்டுவச்சுது" என்று அத்தை மடியைப் பிரித்துக் காட்டினாள். அவரே மேற்கு மூலையில் இடம் காட்டினார். குச்சி விற்ற பணத்தில் கல் வந்தது. கல் வைத்த அன்றுதான் அத்தை முதன்முதலாக வாய்விட்டு அழுதாள். இனி நிம்மதி என்று நினைத்தேன்.

அடுத்த ஐப்பசியில் ஆறு கரைதொட்டு ஓடியது. அத்தை வெந்நீர் போட்டுவிட்டு உட்கார்ந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. மறுநாளும் இல்லை. அதற்கப்புறம் அந்த வீட்டில் அது கேட்கவே இல்லை. "புதைச்சிருக்கக் கூடாதுட்டி" என்றாள். "சத்தம் இருந்தமட்டும் நான் ஒத்தையா இல்ல." அந்த வருஷங்களில் அவளைப் பார்க்க எனக்கு மனசு தாங்கவில்லை.

அத்தையும் போய்ப் பல காலம் ஆகிறது. மாமாவின் கல்லுக்குப் பக்கத்திலேயே அவளை வைத்தோம். போன வாரம், வெள்ளம் வடியுமுன், பூ வைக்கப் போனேன். கல்லறைத் தோட்டத்தைக் காவல் காக்கிறவன் பைய வந்து நின்றான்.

"அம்மா, தண்ணி ஏறுத அன்னைக்கெல்லாம் விடியக்காலம் அந்தச் சின்னக் கல்லுப் பக்கம் என்னமோ இழுக்க மாதிரி சத்தம் கேக்கு. முன்னயெல்லாம் இல்ல. இந்தப் பெரியம்மாவ வச்சதுல இருந்துதான்."

பயப்படாதே என்று அவனிடம் சொன்னேன். கையிலிருந்த பூவில் பாதியை ஒரு முழக் கல்லிலும், மீதியை அத்தையின் கல்லிலும் வைத்தேன். அவள் இப்போது அதைப் பக்கத்திலிருந்து கேட்கிறாள்.