போணி நேரத்தில் பூட்டிக்கொண்ட பில் ஆப்

சிவகாசியில் பட்டாசு சீசன் ஆடிப் பதினெட்டில் ஆரம்பிக்கும். அன்றைக்குக் காலையில் பூஜை போட்டு முதல் பில்லைப் போட்டுவிட்டால், தீபாவளி முடிகிறவரைக்கும் யாவாரிக்குத் தூக்கம் கிடையாது. அந்த முதல் பில்தான் போணி. போணிக்கு வந்தவர் வாங்காமல் படியிறங்கிப் போனால் அந்த சீசன் விளங்காது என்று இங்கே எல்லா யாவாரிக்கும் ஒரு பயம் உண்டு. எனக்கும் உண்டு. மற்றபடி நான் எதற்கும் பயந்தவன் கிடையாது.

போன வருஷம் சரியாக அந்த நேரத்தில் என் கடை பில் ஆப் பூட்டிக்கொண்டது.

எங்கள் சங்கத்து இளவட்ட யாவாரிகள் கொஞ்சப் பேர் வந்து, "அண்ணாச்சி, எந்த ஆப்பைத் தொட்டாலும் சந்தா கட்டுங்கான். ரொம்ப நாளா இருக்கவனுக்குத்தான் ரேட்டும் கூட. இது நியாயமான்னு நீங்க எழுதுங்க" என்றார்கள். பி.காம் படித்தவர்கள் எத்தனையோ பேர் இருக்கையில் என்னைக் கேட்டார்கள் என்றால் அதற்குக் காரணம் இருக்கும். நான் மூணாங் கிளாஸ். அச்சங்குளத்திலும் எம். புதுப்பட்டியிலும் கம்பெனி கம்பெனியாக லோடு ஏற்றித்தான் தலையெடுத்தேன். இன்றைக்கு சாத்தூர் ரோட்டில் சொந்தக் கடை, இரண்டு குடோன். பெட்டியைக் கையில் தூக்கினாலே உள்ளே சரவெடி குறைகிறதா இல்லையா என்று சொல்லிவிடுவேன். நம்பாதவர்கள் கடைக்கு வந்து பார்க்கலாம்.

எண்பது பர்சென்ட்

வெளியூர்க்காரர்களுக்கு எங்கள் ப்ரைஸ் லிஸ்ட்டைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். நூறு ரூபாய்க்கு விற்கிற புஸ்வாணத்துக்கு ஐநூறு என்று அச்சடிப்போம். மேலே சிவப்பு எழுத்தில் 80% தள்ளுபடி என்று போடுவோம். இது வாங்குகிறவருக்கும் தெரியும், விற்கிறவருக்கும் தெரியும், அச்சடித்த பிரஸ்காரருக்கும் தெரியும். லிஸ்ட்டில் உள்ள விலையை அப்படியே எண்ணிக் கொடுத்துவிட்டுப் போன மனுஷனை நான் இதுவரை பார்த்ததில்லை. தள்ளுபடி எல்லாம் போகக் கடைசியாக எண்ணிக் கொடுக்கிற விலைக்கு நெட் ரேட் என்று பெயர். யாவாரம் பேச வருகிறவன் முதலில் அதைத்தான் கேட்பான்.

பில் ஆப் என் கடைக்கு வந்து ரொம்ப வருஷம் ஆகிறது. எங்களிடம் பில் போடும் செல்விதான் கண்டுபிடித்துக் கொண்டுவந்தது. அப்போது அது இலவசம். பாதியில் நிற்கும், கூட்டலைத் தப்பாகக் காட்டும், ஒரு தடவை வெம்பக்கோட்டைக்காரர் பில்லைத் தூக்கி விளாத்திகுளத்துக்காரர் பேரில் போட்டுவிட்டது. அதற்கெல்லாம் நான் கோபப்படவில்லை. நடை பழகுகிற பிள்ளை நாலு தடவை விழத்தான் செய்யும் என்று விட்டுவிட்டேன். அதோடு நில்லாமல் அக்கம்பக்கத்துக் கடைகளில் எல்லாம் ஏறியிறங்கி, "இதைப் போடுங்கப்பா" என்று போட வைத்தேன். அந்தக் கம்பெனிக்கு இந்த ரோட்டில் சம்பளம் வாங்காத ஏஜென்ட் நான்தான். அதை நம்பிக் கை பில் புத்தகம் அடிப்பதையும் நிறுத்தினேன். ஊர் முழுக்க பிரஸ் இருக்கிற சிவகாசியில் ஒரு பில் புத்தகம் இல்லாத கடை என்னுடையதாகத்தான் இருக்கும்.

வைகாசியில் அந்த ஆப்பில் ஒரு நோட்டீஸ் வந்தது. ஆகஸ்ட் முதல் தேதியிலிருந்து வருஷச் சந்தா பத்தாயிரம் என்று செல்வி வாசித்துக் காட்டியது. நான் சிரித்தேன். மனசுக்குள்ளேயே ஐந்தால் வகுத்தும் விட்டேன்.

"அது லிஸ்ட் விலை தாயி. நெட்டா ரெண்டாயிரம்தான் வரும். தேதி நெருங்கட்டும், எம்பது பர்சென்ட்டு போட்டுக்கிட்டு அவுகளே வருவாக."

"அண்ணாச்சி, அவுக பெங்களூர்க்காரக. அவுக லிஸ்ட்டு நம்ம லிஸ்ட்டு மாதிரி இருக்காது."

யாவாரம் எந்த ஊரிலும் யாவாரம்தான் என்று சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகும் செல்வி ஞாபகப்படுத்திக்கொண்டேதான் இருந்தது. முதலில் பணம் கட்டுகிறவன் ஏமாளி, கடைசியில் கட்டுகிறவன்தான் யாவாரி என்று ஒவ்வொரு தடவையும் விளக்கம் சொன்னேன். ஆகஸ்ட்டும் பிறந்தது. அடுத்த இரண்டாம் நாளில் ஆடிப் பதினெட்டு.

நன்றி இருக்கட்டும் தாயி

பட்டாசுக் கடையில் கற்பூரத்தை உள்ளே கொளுத்த முடியாது. ரோட்டோரத்தில் சூடத்தைக் காட்டி, சாமியைக் கடைக்குள் மனசால்தான் கூட்டிக்கொண்டு வர வேண்டும். அதை முடித்துக்கொண்டு உள்ளே வந்தால் ஆண்டிபட்டி சுப்பையா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் அங்கே பலசரக்குக் கடைக்காரர், தீபாவளிக்கு லைசென்ஸ் எடுத்துப் பட்டாசும் விற்பார். என் கடையில் போணி எப்போதும் அவர் கைதான். ஒரு வருஷம்கூட விலை பேசியது கிடையாது. "நீங்க போடுங்க அண்ணாச்சி" என்பார், பணத்தை வைப்பார், போவார்.

அன்றைக்கு இன்னொருத்தரும் வந்திருந்தார். நத்தத்தில் ஃபேன்சி ஸ்டோர் வைத்திருக்கிற மல்லிகா என்கிற அம்மா. எங்கள் கடைக்கு அதுதான் முதல் தடவை. வாசலில் நான் கட்டியிருந்த பேனரைப் பார்த்துவிட்டு வந்தேன் என்றார். முதல் முறை வருபவர்களுக்கு 85% என்று அதில் பெரிதாகப் போட்டிருந்தேன்.

செல்வி ஆப்பைத் திறந்தது. திரையில் ஒரு பூட்டுப் படம். கீழே பத்தாயிரம். யாருக்கு என்ன சரக்குப் போகும், எந்த லாரி ஆபீசில் போட வேண்டும், யார் பாக்கி எவ்வளவு எல்லாம் அந்தப் பூட்டுக்கு உள்ளே. நல்ல நேரம் முடிய அரை மணிதான் இருந்தது.

கம்பெனிக்குப் போன் போடச் சொன்னேன். எனக்குக் காது கொஞ்சம் மந்தம் என்பதால் ஸ்பீக்கரில் போட்டது. ஒரு பெண்பிள்ளை எடுத்து, நான் அவர்களுடைய ரொம்ப வருஷத்துக் கஸ்டமர் என்றும், அதற்கு நன்றி என்றும் சொன்னது.

"நன்றி இருக்கட்டும் தாயி. நெட் ரேட் சொல்லு."

"பத்தாயிரம் சார்."

"அது லிஸ்ட் விலை. நான் நெட் ரேட்டைக் கேக்கேன்."

"சார், அதுதான் ரேட். வேற ரேட் இல்லை."

இதற்குள் செல்வி தன் போனில், புது ஆள் மாதிரி அந்த ஆப்பைத் தேடிப் பார்த்தது. புதிதாகச் சேர்கிறவர்களுக்கு முதல் வருஷம் இரண்டாயிரத்து ஐநூறு என்று போட்டிருந்தது. அதை வாங்கி வாசித்துக் காட்டி, இது என்ன ரேட் என்று கேட்டேன்.

"அது புது கஸ்டமருக்கு மட்டும் சார்."

"அப்ப நான் யாரு?"

"நீங்க லாயல் கஸ்டமர் சார்."

அப்படி என்றால் விசுவாசமான ஆள் என்று செல்வி அர்த்தம் சொன்னது. விசுவாசத்துக்கு ஏழாயிரத்து ஐநூறு அபராதமா என்று கேட்டேன். அந்தப் பிள்ளை மறுபடியும் நன்றி சொன்னது. இந்த ரோட்டில் எத்தனை கடைக்கு அவர்கள் ஆப்பை ஏற்றிவிட்டேன், கூட்டல் தெரியாத காலத்திலிருந்து எப்படிச் சகித்துக்கொண்டு வந்தேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். முதலாளியைக் கூப்பிடச் சொன்னேன். அவர் லைனுக்கு வர மாட்டாராம். என் கருத்தை மட்டும் பதிவு பண்ணிக்கொள்வார்களாம். நல்ல பிள்ளை, கடைசியில் மனசு இரங்கிக் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "சார், கீழ கேன்சல்னு ஒரு பட்டன் இருக்கும். ஒரு தடவை அமுக்கிப் பாருங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டது.

செல்வி பட்டன் வரைக்கும் விரலைக் கொண்டுபோய்த் திரும்ப எடுத்துக்கொண்டது. "அண்ணாச்சி, அம்புட்டுப் பேரும் அழிஞ்சு போச்சுன்னா?"

அமுக்கு என்றேன். சொல்லிவிட்டு நான் திரையைப் பார்க்கவில்லை, ரோட்டைப் பார்த்தேன்.

அமுக்கியதும் நிஜமாகவே போகிறீர்களா என்று ஆப் கேட்டது. ஆமாம் என்று செல்வி அமுக்கியது. திரையில் அழுகிற முகம் ஒன்று வந்தது. அதற்கும் மசியாமல் இன்னொரு தடவை அமுக்கியதும், உங்களுக்காக மட்டும் பாதி விலை என்று வந்து நின்றது. உடனே ஐயாயிரத்தைக் கட்டினோம், பூட்டு திறந்தது, பேர் எல்லாம் பத்திரமாக இருந்தது.

எனக்குப் பெருமை பிடிபடவில்லை. பெங்களூர்க்காரனையே பாதிக்கு இறக்கிவிட்டேன் பார்த்தீர்களா என்று சுப்பையாவிடம் சொன்னேன். அவர், "கெளம்புறேன்னு சொன்னாத்தான் மதிக்காக போல" என்று சொல்லிச் சிரித்தார். நானும் சேர்ந்துதான் சிரித்தேன்.

மூன்று படி

செல்வி சுப்பையா பேரைத் தட்டியது. சரக்கெல்லாம் வரிசையாக வந்து, தள்ளுபடி எண்பது என்று விழுந்தது. சுப்பையா எட்டிப் பார்த்தார். பிறகு வாசல் பேனரைப் பார்த்தார்.

"அண்ணாச்சி, அதுல எம்பத்தஞ்சுன்னு இருக்கே. எனக்கு எம்புட்டு?"

"உங்களுக்கு எப்பவும் போல எம்பதுதான். நீங்க நம்ம ஆளுல்ல."

வாய் சொல்லி முடித்த பிறகுதான் காது கேட்டது. சுப்பையா எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டார். செருப்பை மாட்டிக்கொண்டு என் கடையின் மூன்று படியில் முதல் படியில் இறங்கி நின்றார். முகத்தில் கோபம் ஒன்றும் இல்லை.

"நானும் கேன்சல் அமுக்கிப் பாக்கேன் அண்ணாச்சி."

செல்வி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. போணிக்காரர் படியில் நிற்கிறார். இரண்டாவது படியிலும் கால் வைத்தார். பேரம் படியாமல் இறங்குகிறவர்களை நான் ஆயுசு முழுக்கப் படியில் வைத்துத்தான் திருப்பியிருக்கிறேன். எத்தனையாவது படியில் கூப்பிட வேண்டும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. ஆனால் அன்றைக்குக் கணக்கெல்லாம் மறந்து, எண்பத்தைந்தே போடுகிறேன், வாங்க என்று கூப்பிட்டுவிட்டேன்.

அவர் ஏறவில்லை.

"வேண்டாம் அண்ணாச்சி. இத்தனை வருசம் உக்காந்து வாங்குனேன், எம்பது. ரெண்டு படி எறங்கினேன், எம்பத்தஞ்சு. அப்ப அடுத்த வருசமும் நான் எறங்கித்தான் வாங்கணும். உங்க கடையில நம்பி உக்கார முடியாதுல்ல."

சத்தம் போட்டிருந்தால்கூடச் சமாளித்திருப்பேன். அவர் சாதாரணமாகச் சொன்னார். செல்வி கடிகாரத்தைப் பார்த்தது. நான் பேனரைப் பார்த்தேன். அந்த பேனருக்கும், ஆப்பில் புது ஆளுக்குக் காட்டிய இரண்டாயிரத்து ஐநூறுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. எங்கள் கடைக்கு அது புது ஆளைக் கூப்பிடுகிற பேனர், உள்ளே உட்கார்ந்திருக்கிறவருக்கு அது எழுந்து போகச் சொல்லுகிற பேனர்.

முடிவெடுக்க எனக்கு நேரம் பிடிக்காது. லோடுமேனைக் கூப்பிட்டு பேனரை அவிழ்க்கச் சொன்னேன். லாபத்தை மனசுக்குள் கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டு, பழைய ஆள், புது ஆள், பேரம் பேசுகிறவர், பேசாதவர் எல்லாருக்கும் இனிமேல் எண்பத்திரண்டு என்று சொன்னேன். இறங்கினாலும் அதுதான், உட்கார்ந்தாலும் அதுதான்.

செல்வி என் பக்கம் குனிந்து, மல்லிகாம்மா எண்பத்தைந்தை நம்பி வந்தவர், அவர் கிளம்பிவிடுவார் என்று முணுமுணுத்தது. நியாயம்தான். மல்லிகாம்மா கையிலிருந்த லிஸ்ட்டை மேஜையில் வைத்துவிட்டார். ஒரே நேரத்தில் இரண்டு பேர் படியில் இறங்கினால் அந்த சீசனை நான் மறந்துவிட வேண்டியதுதான்.

அந்த அம்மா என்னைப் பார்த்து, "அடுத்த வருசம் வந்தா எனக்கு எம்புட்டு போடுவீக?" என்றார்.

"எம்பத்திரண்டு."

"எறங்கிக் காட்டாமலா?"

"எறங்காமத்தான் தாயி."

அந்த அம்மா அவிழ்ந்த பேனரைப் பார்த்தார். பிறகு லிஸ்ட்டை மறுபடி கையில் எடுத்துக்கொண்டு, "அப்ப அந்த அண்ணனுக்கு முதல்ல போடுங்க. அடுத்து எனக்கு" என்றார்.

சுப்பையா ஏறி வந்து உட்கார்ந்தார். நல்ல நேரம் முடிவதற்குள் போணி ஆனது.

இளவட்ட யாவாரிகள் கேட்டதற்கு இதுதான் என் பதில். சந்தா கேட்பது தப்பில்லை. நான் குடோனுக்கு மாசாமாசம் வாடகை கட்டுகிறேன், லோடுமேனுக்குத் தினம் கூலி கொடுக்கிறேன். ஆப்பையும் யாரோ உட்கார்ந்து ரிப்பேர் பார்க்கத்தானே செய்கிறார்கள், அவர்களும் சாப்பிட வேண்டும். ஆனால் நேற்று வந்தவனைவிட நெடுநாள் இருக்கிறவனிடம் கூடக் கேட்பதும், போகிறேன் என்று மிரட்டினால்தான் குறைப்பதும் தப்பு. அது தர்மத்துக்கு மட்டும் தப்பு இல்லை, யாவாரத்துக்கும் தப்பு. புதிதாக வருகிறவர் பேனரைப் பார்த்துத்தான் வருவார், ஆனால் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறவரை நாம் எப்படி நடத்துகிறோம் என்று பார்த்துவிட்டுத்தான் பணத்தை எடுப்பார்.

அந்த ஆப் கம்பெனிக்காரர்களுக்கும் இதைச் செல்வியை விட்டு எழுதிப் போட்டேன். கருத்தைப் பதிவு பண்ணிக்கொண்டதாகப் பதில் வந்தது. இந்த வருஷமும் பத்தாயிரம் என்று காட்டியது, இந்த வருஷமும் அமுக்கித்தான் பாதிக்கு வாங்கினோம். போன வருஷம் அமுக்கப் போன விரலைச் செல்வி திரும்ப எடுத்துக்கொண்டது. இந்த வருஷம் டீயைக் குடித்துக்கொண்டே அமுக்கியது. இப்படியே பழக்கிக்கொண்டிருந்தால் ஒரு வருஷம் அந்த அழுத முகத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நிஜமாகவே போய்விடுவோம்.