அப்பாவுக்காக ஒரு ரிப்பீட்டர்

குடிநீர் நிலையத்தில் மோட்டார் பார்த்துக்கொள்பவளுக்கு பொழுதுபோக்காக வானொலியில் பேசும் ஹாம் உரிமம் இருக்கிறது என்றால் சிரிக்காதவர்கள் குறைவு. அப்பாவும் மகளுமாகத் தேர்வெழுதி வாங்கியது அது. பக்கவாதம் வந்து அப்பா அண்ணன் வீட்டோடு போன பிறகு, போனில் கூப்பிட்டால் அண்ணிதான் எடுப்பாள். அவரிடம் கொடுத்தாலும் பக்கத்தைவிட்டு நகரமாட்டாள். அதனால் இவள், வாக்கி-டாக்கி மாதிரிக் கையடக்க செட் ஒன்றை அவர் தலையணையோரம் வைத்துவிட்டு வந்தாள். ஏதோ விளையாட்டுச் சாமான் என்று அண்ணியும் விட்டுவிட்டாள்.

அந்தச் சின்ன செட் மேட்டைத் தாண்டி நிலையத்துக்கு எட்டாது. மேட்டின்மேல் இருந்த தன் வீட்டு மாடியில் ஆன்டெனா நட்டு, காரில் வைத்துப் பேசும் செட் ஒன்றை ரிப்பீட்டராக்கினாள். அப்பாவின் குரலை ஓர் அலைவரிசையில் வாங்கி இன்னொன்றில் உரக்க அனுப்பும். இவளுக்குக் கேட்கும், ஊரில் உரிமம் வைத்திருக்கும் அத்தனை பேருக்கும் கேட்கும். "நல்லாப் பாத்துக்கறாங்கம்மா" என்பதுதான் அவர் தினமும் சொல்வது.

அன்று மத்தியானம் செட்டில் வந்தது அண்ணியின் குரல். "மறுபடியும் நனைச்சாச்சா? கெட, சாயங்காலம் வரைக்கும் அதுலயே கெட."

அண்ணன் சிரித்தான். "தண்ணி குடுக்காதே. குடுத்தா இதான்."

நிலையத்தில் அவள் செட்டின் ஒலியைக் கூட்டினாள். சீ, இவனும் ஒரு பிள்ளையா! ஊருக்கே தண்ணீர் ஏற்றுகிறாள். பெற்றவருக்கு ஒரு வாய்த் தண்ணீர் இல்லை.

அப்பா புரண்டதில் பேசும் பட்டன் அமுங்கியிருக்கும் என்றுதான் நினைத்தாள். சற்று நேரத்தில் குரல் அறுந்தது. ஒரேயடியாக அழுத்திக்கொண்டிருந்தால், சூடேறிக் கெடாதபடி ரிப்பீட்டர் தானே வாயை மூடிக்கொள்ளும். விரலை எடுத்து மறுபடி அழுத்தினால்தான் திறக்கும். தானாக அமுங்கிய பட்டன் என்றால் அத்தோடு சரி.

திறந்தது. அதே வசவு. அறுந்தது. மறுபடி திறந்தது. அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை.

மோட்டாரை உடன் வேலை செய்பவரிடம் ஒப்படைத்துவிட்டு ஆட்டோ பிடித்தாள். வழியெல்லாம் அவள் கையிலிருந்த செட் பேசிக்கொண்டே வந்தது, வாசலில்தான் அணைத்தாள்.

கூடத்தில் வாசனைத் தெளிப்பு கமகமத்தது. அப்பாவின் அறையில் மூக்கை வைக்க முடியவில்லை.

"வா வா, இப்பதான் மாமாவுக்கு உடம்பு தொடச்சுவிட்டேன்" என்றாள் அண்ணி. என்ன சிரிப்பு!

"அப்பாவை நான் கூட்டிட்டுப் போறேன்."

அண்ணன் குறுக்கே வந்து நின்றான். "இப்படித் தூக்கிட்டுப் போனா நாலு பேரு என்னைப் பத்தி என்ன நெனைப்பாங்க?"

"அந்த நாலு பேரும் கேட்டுட்டுதாண்ணே இருக்காங்க."

போர்வையை விலக்கினாள். அப்பாவின் நல்ல கை செட்டை இறுகப் பிடித்திருந்தது, கட்டைவிரல் பட்டன்மேல்.